முதல் கேரவன் வாங்கப் போகிறீர்களா? காரிலிருந்து தொடங்குங்கள்

டிசம்பர் நெருங்கினால் போதும், யாராவது ஒருவர் போனை நீட்டுவார். வெள்ளைக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு), பக்கத்தில் பச்சை டென்ட், "ஒரே ஓனர், கராஜிலேயே நின்றது" என்று கீழே எழுத்து. நல்ல கேரவனா அண்ணா என்று கேட்பார்கள். உங்களிடம் என்ன கார் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வேறு எங்கிருந்து தொடங்கினாலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் வீடுகளில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் குறைவு. 1953-இல் வந்த தனி வசதிச் சட்டம் 1990-இல்தான் ரத்தானது. அதுவரை நல்ல கடற்கரைகளும், கேரவனை நிறுத்தித் தங்குகிற கேரவன் பார்க்குகளும் பெரும்பாலும் வெள்ளையருக்கு என்றே ஒதுக்கியிருந்தார்கள். நம் ஆட்கள் காலையில் பிரியாணிப் பானையோடு கடலுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பியவர்கள். ஆகவே அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் கேரவன் ஞானம் நமக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: லைசென்ஸ் கார்டு, அப்புறம் கார்

டிரைவிங் லைசென்ஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். கோட் B மட்டும் இருந்தால் ஜி.வி.எம். 750 கிலோ வரைக்கும் உள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். ஜி.வி.எம். என்பது சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த வண்டி எவ்வளவு கனம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர் குறித்த உச்ச அளவு. அதற்கு மேலே போனால் EB என்ற கோட் வேண்டும். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உள்ள சாதாரணக் குடும்பக் கேரவன் 750-ஐத் தாண்டிவிடும், ஆகவே EB இல்லாதவர்கள் கேரவன் தேடுவதற்கு முன்னால் லைசென்ஸ் டெஸ்டுக்குப் பதிவு செய்யுங்கள். வெறும் கேரவன் காலியாகத்தானே போகிறது என்ற வாதம் செல்லாது, கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் உள்ள ஜி.வி.எம். எண்தான் கணக்கு.

அடுத்து கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க். அதில் 'டேர்' அல்லது 'டாரா' என்று ஒரு எண் இருக்கும், அது காரின் காலி எடை. அந்த எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கேரவன்களில் வழக்கமாக இருப்பது ஓவர்ரன் பிரேக், அதாவது கார் வேகத்தைக் குறைத்ததும் கேரவன் முன்னால் வந்து தள்ளுகிற தள்ளலிலேயே பிடிக்கிற பிரேக். அப்படிப்பட்ட கேரவனின் ஜி.வி.எம். உங்கள் காரின் காலி எடையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கார் 1,350 கிலோ என்றால் கேரவன் 1,350-க்குள் இருக்க வேண்டும். பிரேக்கே இல்லாத சின்ன டிரெய்லருக்கு இன்னும் கண்டிப்பு: 750 கிலோவுக்குள் இருப்பதோடு, காரின் காலி எடையில் பாதியையும் மீறக்கூடாது.

சட்டம் அவ்வளவு விடுகிறது என்பதற்காக எல்லை வரை போக வேண்டியதில்லை. புதிதாக இழுப்பவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் நின்றுகொள்ளலாம் என்பது பிரிட்டனில் கேரவன்காரர்கள் சொல்லும் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. கூடவே காரின் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், டோ பாரிலும், அதாவது கேரவனை மாட்டக் காரின் பின்னால் பொருத்துகிற இரும்புக் கம்பியிலும், ஒரு தகடு இருக்கும். எல்லாவற்றிலும் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

டர்பனில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நாம் கடல் மட்டத்தில் ஓட்டிப் பழகியவர்கள். N3 நெடுஞ்சாலையில் ஏறி வான் ரீனன் கணவாய் உச்சிக்குப் போனால் 1,600 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத பலத்தை இழக்கும். கடலோர உம்லாங்கா பக்கம் சும்மா இழுத்த சின்ன கார், அங்கே இரண்டாவது கியரில் லாரிகளுக்குப் பின்னால் மூச்சு வாங்கும். டிராகன்ஸ்பெர்க் மலை அல்லது ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் டர்போ டீசல் பக்கியோ (பிக்கப் வண்டி) எஸ்.யூ.வி.யோ உள்ளவர்களுக்குக் கவலை குறைவு. மற்றவர்கள் கேரவனைச் சின்னதாக்குங்கள்.

படி 2: உங்கள் சாமானை எடை போடுங்கள்

கேரவன் தகட்டில் இரண்டு எண் இருக்கும். ஜி.வி.எம். 1,300, காலி எடை 1,050 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 250 கிலோ, ஆகா தாராளம் என்று தோன்றும். சரி, கழித்துப் பார்ப்போம். 100 ஆம்ப்-அவர் ஆசிட் பேட்டரி ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது. 9 கிலோ கேஸ் சிலிண்டர் நிறைத்தால் உருளையோடு 20 கிலோவை ஒட்டி வரும். 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ. பக்கத்தில் கட்டுகிற கான்வாஸ் டென்ட், கம்பிகளோடு, சுலபமாக 40. அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் யாரும் அரிசி மூட்டையைத் தொடவே இல்லை. நம் வீட்டில் ஐந்து பேர் போனால் பத்துப் பேருக்குச் சமைக்கிற சாமான் ஏறும். இரும்புக் கடாய், பிரியாணிப் பானை, அதற்குத் தனி கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள். பானையைக் காரில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைக்கலாம், காருக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

தண்ணீரை வீட்டிலேயே நிறைக்காதீர்கள். பார்க்கில் குழாய் இருக்கிறது.

படி 3: எத்தனை பேர் உள்ளே படுப்பார்கள்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். இங்கே செகண்ட் ஹேண்டில் அதிகமாகக் கண்ணில் படுபவை ஸ்ப்ரைட், ஜுர்கன்ஸ், ஜிப்சி. பல மாடல்களில் கூரையைத் தூக்கினால் நடுவில் கான்வாஸ் சுற்றி வரும், ஓடும்போது உயரம் குறைவாக இருக்கும். உள்ளே இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், மற்றவர்களுக்கு வெளியே டென்ட் என்பதுதான் நடைமுறை. ஆயா, அதாவது பாட்டி, கூட வருவார் என்றால் கட்டில் உயரமும் வாசல் படியும்தான் முக்கியம், உள்ளே எத்தனை அலமாரி என்பதல்ல. இரவில் எழுந்து கழிவறைக்குப் போக இருட்டில் அந்தப் படியில் இறங்குகிறவர் அவர்தான். கரடுமுரடுப் பாதைக்கென்று கட்டிய ஆஃப்-ரோட் கேரவன் விலையும் அதிகம், கனமும் அதிகம். மஹாய், ஸ்காட்பர்க், செயின்ட் லூசியா என்று தார் ரோட்டிலேயே போகிற இடங்கள்தான் உங்கள் பட்டியல் என்றால் அதற்குக் காசு கொட்டாதீர்கள். மோட்டார்ஹோமை, அதாவது தானே ஓடுகிற வீட்டை, முதல் தடவைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்கினால் பால் வாங்கக் கடைக்குப் போகவும் வீட்டையே கிளப்ப வேண்டும்.

படி 4: நேரில் போய்ப் பார்ப்பது

பகலில் போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. போவதற்கு முன்தினமே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பிரிட்ஜை கேஸில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள் என்று. கேரவன் பிரிட்ஜ் கேஸ், 12 வோல்ட், 220 வோல்ட் மூன்றிலும் ஓடும், ஆனால் குளிர மணிக்கணக்கில் ஆகும், வண்டி மட்டமாக நிற்கவும் வேண்டும். நீங்கள் நிற்கிற அரை மணி நேரத்தில் "பாருங்கள், சுடர் எரிகிறது" என்று காட்டினால் அது ஒன்றையும் நிரூபிக்காது.

கதவைத் திறந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஈர வாடை இருக்கிறதா? சாம்பிராணியோ வாசனை ஸ்ப்ரேயோ தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். நம் ஆட்கள் விற்கிற கேரவனில் மசாலா வாசனை கான்வாஸில் ஏறியிருக்கும், அது பரவாயில்லை, ஆனால் அதன் கீழே பூஞ்சை வாடை ஒளிந்துகொள்ளும். மெத்தையைத் தூக்கிக் கீழேயுள்ள பலகையைத் தடவுங்கள். ஜன்னல் ஓரம், கூரை மூடியைச் சுற்றி, அலமாரி மூலைகள் எல்லாவற்றையும் கட்டை விரலால் அழுத்துங்கள். அழுத்தினால் அமுங்குகிறதா, பழுப்புக் கறை படிந்திருக்கிறதா? அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது, மரச்சட்டம் உளுத்திருக்கலாம். தரையில் வெறுங்காலில் குதிகால் ஊன்றி நடந்து பாருங்கள். இந்த ஒரு குறை மட்டும் இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் நான் நகர்ந்துவிடுவேன். மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை.

இப்போது வெளியே வாருங்கள், பழைய துணியை விரித்துக் கீழே படுங்கள். கடற்கரை ஓரம் நின்ற கேரவனின் இரும்பு அடிச்சட்டத்தில் உப்புக் காற்றுத் துரு இருக்கும். மேலோட்டமான துரு சுரண்டினால் போய்விடும், ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் தகடு தகடாக உதிர்வது வேறு வகை. புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்ததில் துரு குறைவாக இருக்கும், ஆனால் அங்கே ஆலங்கட்டி மழை. கூரையைச் சாய்வாகப் பார்த்தால் அலுமினியத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழி பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஒட்டுப் பூச்சு வெடித்திருந்தால்தான் கவலை.

டயர் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டை புதிது மாதிரியே இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடியதே இல்லை, வெயிலில் நின்று ரப்பர் கெட்டிருக்கும். ஆறு வருஷம் தாண்டிய டயர் என்றால் ஸ்பேரோடு சேர்த்துப் புதிது போடும் செலவை விலையில் கழியுங்கள். வீல் பேரிங்குக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டது என்றும் கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் நீங்களே செய்ய வேண்டியதுதான்.

அடுத்து, முன்னால் உள்ள இணைப்பை இரண்டு கையாலும் பின்னால் தள்ளுங்கள். உள்ளே போக வேண்டும், விட்டால் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். டபக்கென்று போய் இடித்தால் உள்ளேயுள்ள டாம்பர், அதாவது அந்தத் தள்ளலைத் தணிக்கிற உருளை, செத்துவிட்டது, ஓவர்ரன் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு பேர் சேர்ந்து தள்ளிப் பாருங்கள். உங்கள் காரின் பிளக்கைக் குத்தி இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிகிறதா என்று பாருங்கள். கூரையைத் தூக்கி கான்வாஸில் ஓட்டை, ஜிப். கேஸ் குழாயில் வெடிப்பு. இதற்குள் விற்பவர் பொறுமை இழந்திருப்பார், பரவாயில்லை.

படி 5: காகிதம்

கேரவனுக்குத் தனி நம்பர், தனி லைசென்ஸ் டிஸ்க், தனிப் பதிவுச் சான்றிதழ் உண்டு. கேரவனின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். "காகிதம் அப்பா பேரில் இருக்கிறது, அவர் தவறிவிட்டார், அப்புறம் மாற்றித் தருகிறேன்" என்றால், மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், அனுதாபத்தோடு. உரிமை மாற்றப் படிவம், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வர்த்தி சான்றிதழ் இரண்டும் வேண்டும், 21 நாளுக்குள் உங்கள் பேரில் பதிவு செய்ய வேண்டும். ரோட்வர்த்தியை விற்பவர் எடுத்துத் தருவதாகப் பேசி முடியுங்கள், பேரத்திலேயே பாதி உண்மை அங்கே வெளிவந்துவிடும். கார் இன்சூரன்ஸ் கேரவனையும் சேர்த்துக் காக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், வீட்டுக்கு இழுத்து வருவதற்கு முன்பே போன் செய்து சேர்த்துவிடுங்கள்.

படி 6: இழுத்துப் பழகுவது

கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலே, தரை மட்டத்தில் வையுங்கள். பின்பக்கம் கனத்தால் கேரவன் வாலை ஆட்டும். டோ பாரின் முனையில் உள்ள உருண்டையான டோ பால் மீது விழும் எடை கேரவன் எடையில் ஐந்திலிருந்து எட்டு சதவீதம் இருந்தால் நல்லது, டோ பார் தகட்டின் எல்லையைத் தாண்டாமல். குளியலறைத் தராசை இணைப்பின் கீழே ஒரு மரக்கட்டையோடு வைத்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

பின்னால் எடுப்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான பார்க்கிங்கில் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சமாக, நத்தை வேகத்தில். மனைவி பின்னால் நின்று கை காட்டுவதாக இருந்தால் எந்தக் கை எதற்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பார்க்கில் எல்லோரும் வேடிக்கை பார்க்கும்போது பேசிக்கொள்ள நேரம் இருக்காது.

ரோட்டில் கேரவன் ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் (Town Hill) இறக்கத்தில் இறங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி இறக்கத்தில் நினைவு வந்தால் பிரேக் சூடாகியிருக்கும்.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், கரென்ட் பாயின்ட் உள்ள பார்க்கில் இரண்டு இரவு போதும். ஈஸ்டர் வேண்டாம். பார்க் நிரம்பி வழியும், தவிர மவுன்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் ஈஸ்டர் திருவிழாவுக்குப் போவதால் குடும்பத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். மே மாதத்தில் ஏதாவது ஒரு வாரக் கடைசி பாருங்கள், மழை குறைவு, கொசுவும் குறைவு. கிளம்பும்போது கேரவனின் முன்னால் உள்ள சின்னச் சக்கரமான ஜாக்கி வீலைத் தூக்கிப் பூட்டினீர்களா, கூரைக் கொக்கி போட்டீர்களா, கேஸ் மூடியிருக்கிறதா, சேஃப்டி செயின் மாட்டியிருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி வீல் நட்டுகளை ஸ்பேனர் வைத்து மறுபடி இறுக்குங்கள், புதிதாக டயர் மாற்றியிருந்தால் கட்டாயம்.