சந்தேகத்தோடு கோவிலுக்குப் போவது எப்படி?

நம்பிக்கை வரட்டும், அப்புறம் கோவிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருக்கும்போதே போங்கள். நான் திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலுக்கு அப்படித்தான் போக ஆரம்பித்தேன். அம்மாவுக்காக வேண்டிக்கொண்ட எதுவும் நடக்காமல், சாமி இருக்கிறாரா என்ற கேள்வி மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது.

நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரே கோவிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பரிகாரம் தேடி ஊர் ஊராக அலைந்தால் களைப்புதான் மிச்சம். ஆரம்பத்தில் பிரதோஷக் கூட்டம் வேண்டாம். பக்கத்தில் உருகி நிற்பவரைப் பார்த்து, நமக்கு ஏன் இப்படி வரவில்லை என்று மனம் ஒப்பிட ஆரம்பித்துவிடும். சாதாரணமான ஒரு புதன்கிழமை இரவு, நடை சாத்துவதற்கு முன் நடக்கும் அர்த்தஜாம பூஜைக்குப் போங்கள். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கோவிலுக்குள் அது கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சுற்றி வரும்போது வீட்டுக் கடன், ஆபீஸ் என்று நினைப்பு ஓடினால் ஓடட்டும், நடையை நிறுத்தாதீர்கள்.

சந்நிதியில் என்ன சொல்வது? உள்ளே இருக்கும் கோபத்தைச் சொல்லுங்கள். அதற்குத் தேவாரம் பாடிய சுந்தரர் துணை இருக்கிறார். இதே ஒற்றியூரில், மகிழ மரத்தடியில், பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தவர் அவர். அதை மீறி ஊரைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. இன்னொன்றுக்காகத் திருவாரூரில் நின்று 'மீளா அடிமை' என்று தொடங்கிப் பாடுகிறார். உன் அடியார்கள் வாடி நிற்க நீ பேசாமல் இருக்கிறாயா, சரி, நீயே நன்றாக வாழ்ந்து போ என்று பாட்டுக்குப் பாட்டு சாமியிடம் சண்டை. அதைச் சைவர்களின் பாடல் தொகுப்பான திருமுறையிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. தேவாரத்தில் செந்துருத்தி என்ற பண்ணில் (பழைய தமிழ் ராகம்) இருப்பதும் அந்த ஒரு பதிகம்தான். எனக்கு முதலில் வாயில் வந்த பிரார்த்தனை அதுதான். வாரம் ஒரு பாட்டு போதும், வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் கோவிலில் தேவாரம் பாடும் ஓதுவார் இருந்தால் பொருள் கேளுங்கள். விருப்பத்தோடு கேட்டால் பெரும்பாலும் சொல்லித்தருவார்கள்.

படிப்பும் ஒட்டவில்லையா? கோவிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குப் போங்கள். அப்பர் சமணத்துக்குப் போய்விட்டு, சூலை நோயோடு (கடுமையான வயிற்றுவலி) திருவதிகைக்குத் திரும்பியபோது, அக்கா திலகவதியார் அங்கே கோவிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு இருந்தவர். தம்பியிடம் வாதம் செய்யவில்லை, திருநீறு கொடுத்துச் சந்நிதிக்கு அழைத்துப் போனார். அப்பரும் பிற்பாடு கையில் புல் செதுக்கும் கருவியான உழவாரத்தோடுதான் ஊர் ஊராக நடந்தார். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பணிக்கென்று ஒரு கூட்டம் சேரும். கோவில் அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும். உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. பழைய துணி உடுத்திக்கொண்டு, தலைக்கு ஒரு துண்டும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துப் போங்கள். புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் பிராகாரத்தில் புல் பிடுங்கும் வேலைதான் தருவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.