வண்டலூர், கிண்டி, வடநெம்மேலி: சென்னையின் விலங்குக் காட்சியிடங்களை மூன்று நாளில் பார்ப்பது எப்படி?

வெளியூரிலிருந்து குழந்தைகளோடு சென்னைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வண்டலூர் ஒன்றை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, கிண்டியில் அடுத்தடுத்து இருக்கும் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள வி.ஜி.பி. மரைன் கிங்டம் மீன் காட்சியகம், அதே சாலையில் இன்னும் தெற்கே வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணை ஆகிய ஐந்தையும் பெரிய அலைச்சல் இல்லாமல் மூன்று நாளில் பார்த்துவிடலாம். எந்தக் கிழமையில் எங்கே போவது, அங்கே எந்த நேரத்தில் நிற்பது என்ற இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொண்டால் போதும். தங்குமிடம், வண்டி, சாப்பாடு எல்லாம் அதற்கேற்பத் தானாகவே அமைந்துவிடும்.

முதலில் கிழமையைப் பார்ப்போம். வண்டலூர் பூங்காவுக்கும் கிண்டியின் இரண்டு இடங்களுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் ஒருமுறை, திருநெல்வேலியிலிருந்து வந்த அக்கா குடும்பத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வண்டலூருக்கு அழைத்துப் போய்ப் பூட்டிய வாசலின் முன் நின்றேன். வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கைக் காட்டி, "மாமா, இது ஒண்ணுதானா?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்கு இப்போது கல்லூரி வயது; இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். பொங்கல், கோடை விடுமுறை போன்ற நாட்களில் செவ்வாய்க்கிழமையிலும் பூங்கா திறந்திருக்கும் என்று அறிவிப்பது உண்டு. ஆனாலும் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. குறிப்பாகக் காணும் பொங்கலன்று வண்டலூரில் விலங்கைவிட மனிதத் தலைகளே அதிகம் தெரியும். சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை நிரம்பி வழியும். ஆகவே புதன், வியாழன், வெள்ளி என்ற வரிசைதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

அடுத்தது பருவம். ஜனவரியும் பிப்ரவரியும் மிக நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், அப்போது வருபவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் பலருக்கு வேறு வழி இருக்காது. அக்னி நட்சத்திர வெயிலில் வருபவர்கள் காலை பதினொரு மணிக்குள் திறந்தவெளி வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காரணம் நம் களைப்பு மட்டுமன்று. வெயில் ஏறிய பிறகு புலியும் கரடியும் நிழலைத் தேடிப் படுத்துவிடும்; பகல் ஒரு மணிக்குப் போய் நின்று, "ஒன்றுமே தெரியவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

முதல் நாள்: வண்டலூர்

தென்மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு வண்டலூரை முதலில் வைப்பதே வசதி. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பூங்காவுக்கு மிக அருகில் இருக்கிறது. ரயிலில் வந்தால் தாம்பரத்தில் இறங்கி, அங்கேயே அறை எடுத்து, குளித்து, மூட்டைகளை வைத்துவிட்டுப் புறநகர் ரயிலில் வண்டலூர் நிலையம் வந்துவிடலாம். நகரத்துக்குள் தி. நகரிலோ எழும்பூரிலோ அறை எடுத்துவிட்டு மறுபடியும் இவ்வளவு தூரம் திரும்பி வருவது வீண் செலவு.

சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய மக்கள் பூங்காவில் பல ஆண்டுகள் இருந்தது. இடம் போதாமல்தான் வண்டலூர்க் காப்புக்காட்டுக்கு மாற்றப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. மீட்பு மையத்தையும் சேர்த்து இன்றைய பரப்பு ஏறத்தாழ 602 ஹெக்டேர். இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய இடத்தில் இருந்ததைப் போலக் கம்பிக்கு அந்தப் பக்கம் கைநீட்டும் தூரத்தில் விலங்கு நிற்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். பெரிய விலங்குகள் பலவற்றை இங்கே அகழிக்கு அப்பால் மரமும் புதருமாக உள்ள திடல்களில் விட்டிருக்கிறார்கள். விலங்குக்கு அது நல்லது. பார்ப்பவருக்குப் பொறுமையும், முடிந்தால் ஒரு சிறிய இருகண் நோக்கியும் தேவை.

நுழைவுச்சீட்டை முதல் நாளே இணையத்தில் எடுத்துவிட்டு, வாயில் திறக்கும் நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே சென்றதும் முதல் வேலை, சிங்க உலாவுக்கான வண்டி அன்று ஓடுகிறதா என்று விசாரித்துச் சீட்டு வாங்குவது. அதை மாலைக்குத் தள்ளிப் போட்டால் வரிசை நீண்டுவிடும். அடுத்து, நடப்பதா, மிதிவண்டி வாடகைக்கு எடுப்பதா, பேட்டரி வண்டியில் போவதா என்று தீர்மானிக்க வேண்டும். பெரியவர்கள் உடன் இருந்தால் பேட்டரி வண்டி தவிர வேறு பேச்சே வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மிதிவண்டியே பெரிய கொண்டாட்டம். நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த நேரம் நிற்கலாம் என்பது அதன் கூடுதல் பயன்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியை வாயிலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஆறேழு விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் கால் மணி நேரம் நில்லுங்கள். என் பட்டியலில் முதலிடம் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்கும் நீலகிரிக் கருமந்திக்கும். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாதவை. வெளிநாட்டு விலங்கைத் தேடி ஓடும் கூட்டம் இவற்றின் முன் நிற்பதில்லை என்பதால் நமக்கு நிம்மதியாகப் பார்க்க இடம் கிடைக்கும். வெள்ளைப் புலியின் முன் குழந்தைகள் நிச்சயம் நிற்பார்கள். அது தனி இனம் அன்று, நிறமி குறைந்த மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த சாதாரண வங்கப் புலிதான் என்பதை அங்கே வைத்தே சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும் வரை இரவாடி விலங்குகளின் கூடத்திலும் மர நிழலிலும் கழித்துவிட்டு, மாலையில் பூங்காவுக்குள்ளேயே உள்ள ஓட்டேரி ஏரிக்கரைக்குப் போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வந்து இறங்கும் நீர்ப்பறவைகள் யாரும் அடைத்து வைத்தவை அல்ல. தாமாக வந்து தாமாகப் போகின்றவை.

உணவுப் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம். பூங்காவுக்குள் சுதந்திரமாகத் திரியும் நாட்டுக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு நூறு அடி தள்ளியே கேட்டுவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் கட்டுச்சோறும், வீட்டுத் தண்ணீர்ப் புட்டியும் போதும். விலங்குக்கு எதையும் போடக் கூடாது என்பது வெறும் அறிவிப்புப் பலகை வாசகம் அன்று. உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதையும் அதற்குத் தீனி போடுவதையும் சத்தமிட்டுத் தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது.

இரண்டாம் நாள்: கிண்டி

இது ஓய்வு நாள் மாதிரி. சின்னமலை மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் சேர்ந்துவிடலாம். சிறுவர் பூங்கா சின்னக் குழந்தைகளுக்கானது; ஒரு மணி நேரம் போதும். அதை ஒட்டியிருப்பது கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. நகரத்தின் நடுவே இப்படி ஒரு காடு இருப்பது சென்னைவாசிகளுக்கே அடிக்கடி மறந்துவிடுகிறது.

நேரத்தை ஒதுக்க வேண்டியது பாம்புப் பண்ணைக்குத்தான். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இந்தப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இயங்கி வருகிறது. பணியாளர்கள் பாம்பைப் பற்றி விளக்கிப் பேசும் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பச் சுற்றி வர வேண்டும். நம் ஊரில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமான நான்கு பாம்புகளை, அதாவது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை, இங்கே கண்ணாடிக்கு மிக அருகில் நின்று பார்க்கலாம். கட்டுவிரியனின் கருத்த, பளபளக்கும் உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வருவதையும், கண்ணாடிவிரியனின் முதுகில் சங்கிலி கோத்தது போல் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடுவதையும் குழந்தைகளை விட்டே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுருட்டைவிரியன் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பெரியவர்கள் "பெட்டி காலி" என்று நகர்ந்த பிறகு குழந்தைதான் அதைக் காட்டும். கிராமத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு இந்த ஒரு மணி நேரம் மற்ற இரண்டு நாட்களையும்விடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

மதியத்துக்கு மேல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதும் கிண்டியை வியாழனில் வைப்பதற்கு ஒரு காரணம்.

மூன்றாம் நாள்: கிழக்குக் கடற்கரைச் சாலை

இங்கேதான் பலர் வரிசையைத் தவறாக வைக்கிறார்கள். சென்னையிலிருந்து போகும்போது ஈஞ்சம்பாக்கம் முதலில் வருவதால், காலையில் மீன் காட்சியகத்தில் நுழைந்துவிட்டு, கொளுத்தும் பகலில் முதலைப் பண்ணைக்குப் போய்ச் சேர்கிறார்கள். இதைத் தலைகீழாக்க வேண்டும். காலையில் மீன் காட்சியகத்தைக் கடந்து நேரே வடநெம்மேலிக்குப் போய், திரும்பும் வழியில் குளிரூட்டிய மீன் காட்சியகத்தில் உச்சிவெயிலைக் கழிப்பதே சரி. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் பண்ணை வாசலில் நிற்கும். நான்கைந்து பேராகப் போனால் நாள் வாடகைக்குக் கார் பேசிக்கொள்வது கட்டுப்படியாகும். சுங்கக் கட்டணத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

முதலைப் பண்ணை 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் சேர்ந்து தொடங்கியது. சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, சொம்புமூக்கு முதலை ஆகிய மூன்று இந்திய இனங்களும் வேறு பல நாட்டு இனங்களும் இங்கே உள்ளன. முதலை அசையாமல் கிடப்பதைப் பார்த்து, "இது பொம்மையா?" என்று கேட்காத குழந்தை இல்லை. வாயைப் பிளந்து கிடப்பது பெரும்பாலும் உடல் வெப்பத்தைத் தணிப்பதற்காக என்று விளக்கலாம். வாயை மூடியிருக்கும் முதலையின் கீழ்த்தாடையில் நான்காம் பல் வெளியே தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். தெரிந்தால் அது முதலை, மேல்தாடைக்குள் மறைந்திருந்தால் அலிகேட்டர். வயது வந்த ஆண் சொம்புமூக்கு முதலையின் மூக்கு நுனியில் குடம் போன்ற புடைப்பு இருக்கும். பெயர்க் காரணம் அதுவே.

கொக்குகள் கூடு கட்டும் பருவமாக இருந்தால் தண்ணீரில் அசையாமல் மிதக்கும் சதுப்புநில முதலைகளின் முகத்தை உற்றுப் பாருங்கள். மூக்கின்மேல் குச்சிகள் கிடக்கலாம். கூட்டுக்குக் குச்சி தேடி வரும் கொக்கைப் பிடிப்பதற்கான தூண்டில் அது என்று, இந்தப் பண்ணையில் கண்டதையும் சேர்த்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கட்சி எதுவானாலும் அரை மணி நேரம் நின்று பார்க்கத் தக்க காட்சி.

அதே வளாகத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் செயல்படுகிறது. தனிக் கட்டணம் செலுத்திப் பாம்பிலிருந்து நஞ்செடுப்பதைப் பார்க்கலாம். அனுமதி பெற்றுப் பிடிக்கும் பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, சிலமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. முந்தின நாள் கிண்டியில் பார்த்த நான்கு பாம்புகளும் இங்கே மறுபடி வரும்போது குழந்தைகள் பெயர் சொல்லிவிடுவார்கள்.

பகல் பன்னிரண்டுக்குள் கிளம்பி, கோவளம் பக்கம் மீன் சாப்பாடோ சைவமோ முடித்துக்கொண்டு, ஈஞ்சம்பாக்கம் வந்துவிடலாம். 2019இல் திறந்த இந்தக் காட்சியகத்தில் தலைக்கு மேலும் மீன் நீந்தும் சுரங்க நடைபாதைதான் பெரிய ஈர்ப்பு. ஐந்து இடங்களிலும் இதற்குத்தான் கட்டணம் அதிகம் என்பதால் பட்ஜெட்டில் இதைத் தனியாக ஒதுக்கி, சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கைபேசியின் ஃபிளாஷை அணைத்துவிட்டு, அதன் முகப்பைத் தொட்டியின் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் படமெடுத்தால் நம் முகமும் விளக்கும் எதிரொளிக்காது. நடைபாதையை ஒருமுறை கூட்டத்தோடு கடந்துவிட்டு, கூட்டம் வடிந்ததும் ஓரமாக நின்று ஒரே ஒரு திருக்கை மீனை மட்டும் கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். அதன் அடிப்பக்கத்து வாயும் செவுள் பிளவுகளும் அது நம் தலைக்கு மேலே வரும்போதுதான் தெரியும்.

மாலை நான்கரைக்குள் வெளியே வந்துவிட்டால் அலுவலகம் விடும் நேரத்து நெரிசலுக்கு முன்பே திருவான்மியூரைத் தாண்டிவிடலாம். இரவு ரயில் எழும்பூரிலிருந்து என்றால் இன்னும் அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். தாம்பரத்தில் ஏறுபவர்கள் சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகப் போய்விடலாம், நகரத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை.