வரும் ஆண்டின் திகில், கல்ட் படங்களுக்கு முன்கூட்டியே பட்டியல் தயாரிப்பது எப்படி?

ஆண்டு முடியும் தறுவாயில், அடுத்த ஆண்டு அதிகம் எதிர்பார்க்கப்படும் திகில் படங்கள் என்ற தலைப்பில் பட்டியல்கள் வரிசையாக வரத் தொடங்கும். அவற்றைப் படித்துப் பார்த்தால், ஏற்கெனவே வெற்றி பெற்ற படங்களின் அடுத்த பாகங்களும், பெரிய நிறுவனங்கள் தேதி குறித்து விளம்பரத்தைத் தொடங்கிவிட்ட படங்களுமே பெரும்பாலும் இடம்பிடித்திருக்கும். பன்னிரண்டு மாதங்கள் கழித்து, நம் தூக்கத்தைக் கெடுத்த படங்கள் எவை என்று எண்ணிப் பார்க்கும்போது, அவற்றில் பல அந்தப் பட்டியல்களில் இருந்திருக்கவே மாட்டா. பட்டியல் போட்ட நாளில் அவற்றுக்கு விநியோகஸ்தர் கிடைத்திருக்கவில்லை, வெளியீட்டுத் தேதி முடிவாகவில்லை, முன்னோட்டம்கூட வந்திருக்கவில்லை. ஆனாலும் எங்கோ ஒரு திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சியில் சில நூறு பேர் அவற்றைப் பார்த்து முடித்திருப்பார்கள்.

ஆகவே, வரும் ஆண்டின் நல்ல திகில் படங்களைத் தேட வேண்டிய முதல் இடம் முடிந்துகொண்டிருக்கும் ஆண்டுதான். பல ஆண்டுகளாக இந்தப் பட்டியலைக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிவரும் நான், அதைத் தயாரிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். வெளியானபோது தோற்று, பிறகு ஒரு சிறு ரசிகர் கூட்டத்தால் உயிர் பிழைக்கும் கல்ட் படங்களுக்கான முறை பின்னால் வரும்.

விழாக்களிலிருந்து தொடங்குங்கள்

திகில், வினோதப் படங்களுக்கென்றே நடக்கும் விழாக்களும், பெரிய விழாக்களுக்குள் இயங்கும் நள்ளிரவுப் பிரிவுகளும் ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இரண்டாம் பாதியில் நடப்பவை நம் வேலைக்கு மிக முக்கியமானவை. மாண்ட்ரியாலில் 1996 முதல் நடந்துவரும் ஃபேண்டேஷியா விழா ஜூலையில் தொடங்கிவிடும். ஆகஸ்ட் இறுதியில் லண்டன் ஃப்ரைட்ஃபெஸ்ட், செப்டம்பரில் டொராண்டோ விழாவின் மிட்நைட் மேட்னஸ் பிரிவு, அதே மாதம் ஆஸ்டினில் ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட், அக்டோபரில் ஸ்பெயினின் கடலோர ஊரான சிட்ஜஸில் 1968 முதல் நடக்கும் விழா என்று அடுத்தடுத்து வரும். இவற்றின் இணையதளங்களில் நிகழ்ச்சிப் பட்டியல் ஆண்டு முடிந்த பிறகும் பார்வைக்குக் கிடைக்கும். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஒவ்வொரு விழாவின் பட்டியலையும் திறந்து, திகில் வகைப் படங்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் எவை திரையரங்குக்கோ ஓடிடி தளத்துக்கோ ஏற்கெனவே வந்துவிட்டன என்று பார்த்து அடித்துவிடுங்கள். அடிக்காமல் எஞ்சியிருப்பவைதான் உங்கள் பட்டியலின் முதுகெலும்பு.

இந்த முறை பலன் தருவதற்குக் காரணம், விழாவின் முதல் திரையிடலுக்கும் பொதுவெளியீட்டுக்கும் இடையே விழும் இடைவெளி. 'தி விட்ச்' 2015 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில்தான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. 'டாக் டு மீ' 2022 அக்டோபரில் அடிலெய்டு விழாவிலும், மறு ஜனவரியில் சன்டான்ஸிலும் காட்டப்பட்டு, 2023 ஜூலையில் அமெரிக்காவில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மறுபுறம் 'கெட் அவுட்' 2017 ஜனவரியில் சன்டான்ஸில் முன்னறிவிப்பின்றித் திரையிடப்பட்டு, அடுத்த மாதமே வெளியாகிவிட்டது. பெரிய நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் படம் விழாவை விளம்பர மேடையாகப் பயன்படுத்தும். வாங்குவோரைத் தேடி வந்த சிறு படம் காத்திருக்கும். உங்கள் பட்டியலுக்குப் பெரிதும் தேவைப்படுபவை இந்த இரண்டாம் வகைப் படங்களே.

எழுதும்போது படத்தின் மூலமொழிப் பெயரையும் இயக்குநரின் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். விழாவில் ஒரு பெயரில் காட்டப்பட்ட படம் வேறு பெயரில் வெளிவருவது இந்தத் துறையில் வழக்கமான செய்தி. லூசியோ ஃபுல்சியின் 1979ஆம் ஆண்டுப் படம் இத்தாலியில் 'ஸோம்பி 2', அமெரிக்காவில் 'ஸோம்பி', பிரிட்டனில் 'ஸோம்பி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்று மூன்று பெயர்களில் உலவியது. பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் இதையே மூன்று படங்களாக எழுதிவைத்திருப்பார்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்

என் நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரிகள். உதாரணமாக, 2023ஆம் ஆண்டுப் பக்கத்தில் 'லேட் நைட் வித் தி டெவில்' என்ற பெயருக்குக் கீழே உள்ளதைச் சொல்கிறேன். முதல் வரியில் இயக்குநர்கள் கெய்ன்ஸ் சகோதரர்கள், ஆஸ்திரேலியா. இரண்டாவது வரியில் முதல் திரையிடல், 2023 மார்ச், சவுத் பை சவுத்வெஸ்ட் விழா. மூன்றாவது வரியில் வெளியீடு. அது பென்சிலில் எழுதப்பட்டு, இரண்டு முறை அழிக்கப்பட்டு, கடைசியில் 2024 மார்ச் என்று நிற்கிறது. நான்காவது வரியின் தலைப்பு 'எதற்காக'. அதில் எழுதியிருப்பது: '1977 ஹாலோவீன் இரவில் ஒளிபரப்பாகும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சிதான் படம், நேரலையை நிறுத்த முடியாது என்பதே பயம்.'

நான்கில் மிக முக்கியமானது இந்தக் கடைசி வரிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு படத்தை எதற்காக எதிர்பார்க்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், நாம் எதிர்பார்ப்பது அந்தப் படத்தை அல்ல, அதைச் சுற்றி எழுந்த பேச்சைத்தான்; அப்படிப்பட்ட பெயரைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படம் கைக்கு வரும்போது, மறந்துபோன ஆர்வத்தை அந்த ஒற்றை வரி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

இயக்குநரோடு நின்றுவிடாதீர்கள்

பிடித்த இயக்குநரின் அடுத்த படத்தைத் தேடுவது எல்லோரும் செய்வதுதான். திகில் படத்தின் பாதி உயிர் ஒலியில் இருப்பதால், உங்களை உலுக்கிய படத்தின் ஒலி வடிவமைப்பாளர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், ஒப்பனை விளைவுகளை உருவாக்கியவர் ஆகியோரின் பெயர்களையும் படம் முடிந்தவுடன் குறித்துவைத்து, அவர்கள் அடுத்து எதில் வேலை செய்கிறார்கள் என்று ஆண்டுக்கு இருமுறை தேடிப் பாருங்கள். 1982இல் வெளியான 'தி திங்' படத்தின் கொடூர உருமாற்றங்களை உருவாக்கிய ராப் பாட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அந்தப் படத்தை இன்றுவரை மறக்க முடியாமல் செய்வதில் அவருடைய கைவேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னும் தொலைவாகப் பார்க்க விரும்புபவர்கள் குறும்படங்களைப் பார்க்க வேண்டும். ஜெனிஃபர் கென்ட் 2005இல் எடுத்த 'மான்ஸ்டர்' என்ற குறும்படம்தான் 2014இல் 'தி பாபடூக்' ஆக வளர்ந்தது. டேவிட் சான்ட்பெர்க் 2013இல் எடுத்த சில நிமிடக் குறும்படமான 'லைட்ஸ் அவுட்' 2016இல் அதே பெயரில் முழுநீளப் படமாயிற்று. விழாக்களின் குறும்படப் பிரிவில் உங்களை நடுங்கவைத்த பெயர் எதுவாயினும், அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதிவையுங்கள். அதன் பலன் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும்.

தேதியைப் பென்சிலில் எழுதுங்கள்

வெளியீட்டுத் தேதி கல்வெட்டு அல்ல. 'எ கொயட் பிளேஸ்' இரண்டாம் பாகம் 2020 மார்ச்சில் வெளியாக வேண்டியது, பெருந்தொற்றால் 2021 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. 2009இல் படமாக்கப்பட்ட 'தி கேபின் இன் தி வுட்ஸ்', நிறுவனத்தின் கடன் நெருக்கடியில் சிக்கி 2012இல்தான் வெளிவந்தது. முன்னால் நகர்வதும் உண்டு: 2026 ஜனவரிக்குக் குறிக்கப்பட்டிருந்த 'வெப்பன்ஸ்' 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. வெளியாகும் இடமும் மாறலாம். 'ஸ்மைல்', 'ஈவில் டெட் ரைஸ்' ஆகிய இரண்டும் முதலில் ஓடிடி தளத்துக்கென்று திட்டமிடப்பட்டு, பின்னர் திரையரங்குக்கு மாற்றப்பட்டவை.

எனவே ஒரு தேதி எவ்வளவு உறுதியானது என்பதை எடைபோடக் கற்றுக்கொள்ள வேண்டும். வெறும் ஆண்டு மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால் அது விருப்பம். மாதம் சொல்லப்பட்டால் திட்டம். நாள் குறிக்கப்பட்டு, தணிக்கைச் சான்றிதழும் படத்தின் நீளமும் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தால் மட்டுமே பேனாவை எடுக்கலாம். தணிக்கைக்குப் போய்விட்டது என்றால் படம் முடிந்துவிட்டது என்று பொருள், இதைவிட நம்பகமான அறிகுறி வேறில்லை.

அமெரிக்க வெளியீட்டு நாட்காட்டியில் அக்டோபர் மாதம் ஹாலோவீனை ஒட்டித் திகில் படங்களால் நிரம்பியிருக்கும் என்பது தெரிந்ததே. ஜனவரியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நம்பிக்கை இல்லாத படங்களைத் தள்ளிவிடும் மாதம் என்ற பெயர் அதற்கு நெடுநாளாக உண்டு. ஆனால் 2023 ஜனவரி முதல் வாரத்தில் வந்த 'மீகன்' அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. வெள்ளிக்கிழமையில் விழும் 13ஆம் தேதிகளையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆண்டிலும் அப்படி ஒரு நாளாவது வரும், மூன்றுக்கு மேல் வராது; சிறப்புத் திரையிடல்களும் மறுவெளியீடுகளும் அந்த நாளை நாடுவது வழக்கம்.

முன்னோட்டத்தை எவ்வளவு பார்ப்பது

டீசரைப் பாருங்கள், இரண்டாவது முன்னோட்டத்தைத் தவிருங்கள் என்பதே என் விதி. வெளியீட்டுக்கு நெருங்கி வரும் முன்னோட்டங்கள் தயங்குபவரை இழுப்பதற்காகத் தயாரிக்கப்படுபவை, அதனால் படத்தின் சிறந்த அதிர்ச்சிகளை முன்கூட்டியே கொட்டிவிடும். நீங்களோ பார்ப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். 2024இல் 'லாங்லெக்ஸ்' படத்துக்குச் செய்யப்பட்ட விளம்பரம் போற்றத்தக்க விதிவிலக்கு: நிக்கோலஸ் கேஜின் முகத்தைக் காட்டாமலே முழு எதிர்பார்ப்பையும் வளர்த்தார்கள். விமர்சனங்களிலும் முதல் பத்தியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நள்ளிரவுக் காட்சியின் ஆரவாரத்தில் எழுதப்படும் 'பத்தாண்டுகளில் மிகப் பயங்கரமான படம்' போன்ற வரிகளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஒரு காட்சியின் ஒலியையோ வெளிச்சத்தையோ குறிப்பாகச் சொல்லும் வரிக்கு முழு மதிப்புக் கொடுங்கள்.

வெளியான முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்து எந்தப் பெயரையும் அடிக்காதீர்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடப்படும் சினிமாஸ்கோர் தரவரிசையில் 'ஹெரிடிட்டரி' பெற்றது டி பிளஸ், 'தி விட்ச்' பெற்றது சி மைனஸ். ஆறுதல் தராமல் அனுப்பிவைக்கும் படத்துக்கு அன்றிரவே நல்ல மதிப்பெண் போட யாருக்கும் மனம் வராது.

கல்ட் படங்களுக்கு வேறு கணக்கு

கல்ட் படத்தை யாராலும் தேதி குறித்து வெளியிட முடியாது. வெளியான போது தோற்று, பிறகு ஒரு சிறு கூட்டத்தால் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு, அந்தக் கூட்டத்தின் பிடிவாதத்தாலேயே உயிர் பிழைப்பதுதான் அதன் இயல்பான பாதை. 1975இல் ஓடாத 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ', 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கிய பிறகே தன் ரசிகர்களைக் கண்டடைந்தது. மேலே சொன்ன 'தி திங்' படமும் வெளியானபோது பெரும்பாலோரால் நிராகரிக்கப்பட்டதுதான்.

ஆகவே இந்தப் பகுதிக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, அதில் இரண்டு வகைகளை எழுதுங்கள். முதலாவது, பழைய படங்களின் மீள்வருகை. வரும் ஆண்டிலிருந்து 25, 40, 50 ஆகியவற்றைக் கழித்து, கிடைக்கும் ஆண்டுகளில் வந்த திகில் படங்களைப் பாருங்கள். ஆண்டுநிறைவை ஒட்டி 4கே மறுசீரமைப்பும் (உயர் தெளிவில் புதுப்பிக்கப்பட்ட பிரதி) திரையரங்கு மறுவெளியீடும் வர நல்ல வாய்ப்பு உண்டு. ஏரோ, செவரின், வினிகர் சிண்ட்ரோம், செகண்ட் சைட், க்ரைடீரியன் போன்ற, பழைய படங்களை ப்ளூ-ரே வட்டில் வெளியிடும் நிறுவனங்களின் அறிவிப்புகளையும் மாதந்தோறும் கவனியுங்கள். 1977இல் ஜப்பானில் வந்த 'ஹவுசு' சுமார் முப்பதாண்டுகள் கழித்துத்தான் அமெரிக்கத் திரையரங்குகளில் வலம்வந்து, அங்கே புதிய படம்போலக் கொண்டாடப்பட்டது. இதுவரை பார்க்காத பழைய படம் உங்களுக்குப் புதுப் படமே.

இரண்டாவது வகை, முடிந்த ஆண்டில் தோல்வியடைந்த படங்கள். வசூலில் விழுந்த, விமர்சகர்கள் கைவிட்ட படங்களில், ஒன்றிரண்டு பேராவது மூச்சுவிடாமல் பரிந்து பேசுகிற படம் எது என்று தேடுங்கள். சராசரி மதிப்பெண் குறைவாகவும், ஆனால் உச்ச மதிப்பெண் கொடுத்தவர்கள் கணிசமாகவும் இருந்தால் அதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். நாளைய கல்ட் படத்தை இன்றே பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

ஆண்டு முழுவதும் பராமரிப்பது

முப்பது பெயர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிடும் சன்டான்ஸ் பட்டியலின் நள்ளிரவுப் பிரிவைச் சேர்த்துவிட்டு, பிறகு பிப்ரவரியில் பெர்லின், மார்ச்சில் சவுத் பை சவுத்வெஸ்ட், மே மாதத்தில் கான் ஆகியவை முடிந்ததும் ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து திருத்துங்கள். மற்ற நாட்களில் தேடிக்கொண்டே இருந்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

காத்திருக்கும் காலத்தில் கசிந்த பிரதி கைக்கு எட்டினாலும் தொடாதீர்கள். வெறும் 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட 'ஸ்கினமரிங்க்', 2022இல் விழாத் திரையிடலிலிருந்து கசிந்து, திரையரங்குக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் பரவியது. இருட்டையும் மெல்லிய ஒலியையும் மட்டுமே நம்பிய அந்தப் படத்தைக் கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் பார்த்தவர்கள் உண்மையில் அதைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் மீண்டும் வரும்போது, பார்த்த படங்களின் 'எதற்காக' வரிக்கு அருகில், எதிர்பார்த்தது கிடைத்ததா என்று ஒரு சொல் எழுதுங்கள். இன்னும் வராத படங்களை அடித்துவிடாமல், புதிய நோட்டின் முதல் பக்கத்துக்கு அப்படியே மாற்றி எழுதுங்கள். 2006இல் டொராண்டோவில் திரையிடப்பட்ட 'ஆல் தி பாய்ஸ் லவ் மாண்டி லேன்' அமெரிக்கத் திரையரங்குகளை எட்டியது 2013இல்.