பழைய போர்ப் படமொன்றைப் பார்ப்பது எப்படி: ‘குவாய் நதிப் பாலம்’

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளியான இப்படம் இரண்டே முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடுவதால், இடையில் நிறுத்தாமல் பார்க்கக்கூடிய ஒரு மாலைப்பொழுதை முதலில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரை இதற்குப் போதாது. அகன்ற திரைக்கென எடுக்கப்பட்ட காட்சிகள் அதில் சுருங்கிவிடும்.

முதல் முறை பார்க்கும்போது வெடிச்சத்தத்துக்காகக் காத்திராமல், அலெக் கின்னஸ் நடித்த, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சனையே தொடருங்கள். அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபடக் கூடாது என்ற விதிக்காகத் தகரக் கொட்டடியில் வதைபடும் அதே மனிதர், பின்னர் எதிரிக்கான பாலத்தைத் தம் படையின் பெருமையாகக் கருதிக் கட்டி முடிப்பதை எந்தக் கணத்திலிருந்து தவறெனச் சொல்லலாம் என்று யோசியுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் படம் பழசாகாததற்கு, பாலம் தகர்வதைவிட இந்தக் குழப்பமே காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் முறை பார்ப்பதற்கு முன், படத்தின் கதைக்குப் பின்னணியான சயாம் மரண ரயில்பாதையின் (தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த பாதை) வரலாற்றைப் படித்துவிடுங்கள். ஜப்பானியர் 1942–43இல் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களே போர்க்கைதிகளைவிட அதிக எண்ணிக்கையில் மாண்டனர். படமோ கைதிகளின் கதையாகவே நின்றுவிடுகிறது. பாலக் காட்சிகள் படமானது தாய்லாந்தில் அன்று, இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மீது.