குடல் சுவருக்குள் வளரும் பூஞ்சை: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

வயிற்றுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை குறைவு, ஸ்கேனில் ஒரு கட்டி. இப்படி ஒருவர் வந்தால் புற்றுநோய், குடல் காசநோய், கிரோன் நோய் (குடலில் நீண்டகால அழற்சி) ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அவற்றில் ஒன்றாகவே இருக்கும். அபூர்வமாக, குடல் சுவருக்குள் புகுந்து வளரும் பூஞ்சையும் இதே அறிகுறிகளோடு வரலாம். அந்தச் சந்தேகமே எழாமல் போவதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வருபவை.

‘எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிறது, பூஞ்சைக்கு வாய்ப்பில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். பேசிடியோபோலஸ் ரானாரம் என்ற பூஞ்சைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மண்ணிலும், மக்கும் இலைதழைகளிலும், தவளை, பல்லி போன்றவற்றின் குடலிலும் இருக்கும் இது, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரையும் குழந்தைகளையும் தாக்கும். சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதி, ஈரான், அமெரிக்காவின் அரிசோனா ஆகிய இடங்களிலிருந்து கணிசமான நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு துப்பு கிடைக்கும்: ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். அதைப் பார்த்ததும் ‘பூச்சித் தொல்லை’ என்று மாத்திரை கொடுத்துவிட்டால், துப்பு கைநழுவிப் போய்விடும்.

இதைவிட மோசமானது, கிரோன் நோய் என்றே முடிவுகட்டி ஸ்டீராய்டைத் தொடங்குவது. பூஞ்சையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் எதிர்ப்பு சக்தியையே அது அடக்கிவிடும். ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை குடலைத் தாக்கும்போதும் இதே ஏமாற்றம்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் வரும், காசநோய் போலவே தெரியும்.

மியூகோர் வகைப் பூஞ்சையின் போக்கு வேறு. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று, குறைமாதக் குழந்தைகள் என்று பலவீனமான உடலைத்தான் தேடிப் பிடிக்கும். மூக்கையும் கண்ணையும் தாக்கும் கருப்புப் பூஞ்சை என்று இதைப் பலருக்குத் தெரியும், இது இரைப்பையிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் திசு ரத்தமின்றிச் செத்துக் கருக்கும். இப்படிப்பட்டவருக்கு எண்டோஸ்கோபியில் கருத்த புண் தெரிந்தால், சாதாரண அல்சர் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. இங்கே சில நாள் தாமதம்கூட உயிரைப் பறித்துவிடும்.

சரி, சந்தேகம் வந்து பயாப்சி (பரிசோதனைக்குச் சிறு துண்டு திசு) எடுத்தாயிற்று. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராது. ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய சலைனில் (உப்புநீரில்) தனியாக அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அந்தத் திசுவை அரைத்துவிட்டாலும் மியூகோரின் மெல்லிய இழைகள் சிதைந்துவிடும், நறுக்குவதே சரி. ‘பூஞ்சையா என்று பாருங்கள்’ என்று சீட்டில் ஒரு வரி எழுதினால் நோயியல் மருத்துவர் அதற்கான சாயங்களைப் போட்டுத் தேடுவார். பேசிடியோபோலஸ் என்றால், அகலமான இழையைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் உறையும், அதை மொய்த்து ஈசினோஃபில்களும் தெரியும். மியூகோர் என்றால், நாடா போன்ற அகன்ற இழைகள் தெரியும், இழைக்குள் குறுக்குச் சுவர்கள் அரிதாகவே இருக்கும். பல பூஞ்சைகளின் சுவரில் உள்ள பொருளை ரத்தத்தில் தேடும் பீட்டா டி குளுக்கான் பரிசோதனை மியூகோருக்கு பெரும்பாலும் நெகட்டிவ்வாகத்தான் வரும், அதை நம்பி நிம்மதியடையக் கூடாது.

‘பூஞ்சைதானே, ஏதாவது ஒரு பூஞ்சை மருந்து’ என்பதும் நடக்காது. மியூகோருக்கு ஃப்ளூகோனசோலும் வோரிகோனசோலும் பயன்படாது, ஆம்போடெரிசின் பி வேண்டும், முடிந்தால் செத்த பகுதியை அறுவை செய்து அகற்றவும் வேண்டும். பேசிடியோபோலஸில் அதே ஆம்போடெரிசின் பல நேரம் கைகொடுக்காது, இட்ராகோனசோல் போன்றவைதான் கேட்கும்.

அப்புறம், இதற்கு நேர்மாறான ஒரு தவறு. மலப் பரிசோதனையில் கேண்டிடா என்ற பூஞ்சை இருப்பதாக வந்ததும் பயந்துபோய் மருந்து சாப்பிடுவது. கேண்டிடா ஆரோக்கியமானவர் குடலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும். திசுவுக்குள் புகுந்திருக்கிறதா என்பதை மலம் சொல்லாது, பயாப்சிதான் சொல்லும்.

கட்டியை அறுத்து எடுத்தபின் வலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. பேசிடியோபோலஸுக்குப் பல மாதங்கள் மருந்து தேவைப்படும். எப்போது நிறுத்துவது என்பதை ஸ்கேனையும் ஈசினோஃபில் எண்ணிக்கையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.