ஹியூகோவில் இலவசத் தளம்: பிழைச் செய்தி வராத தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம், மல்கோவா சீசன், வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்று சேலத்துக்காரர்கள் எழுத எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொந்தத் தளத்தில் வைக்கக் காசு தேவையில்லை. நீங்கள் எழுதும் மார்க்டவுன் (எளிய குறிகள் போட்ட எழுத்து) கோப்புகளை ஹியூகோ என்ற இலவச மென்பொருள் எச்டிஎம்எல் பக்கங்களாக, அதாவது வலைப்பக்கங்களாக, ஆக்கித் தரும். கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் 'பேஜஸ்' சேவை அவற்றை இலவசமாக ஏற்றி வைக்கும். பிழைச் செய்தி வந்தால் பயமில்லை, தேடினால் விடை கிடைத்துவிடும். ஆளைப் படுத்துவது சத்தமே இல்லாமல் நடக்கிற தவறுகள்தான்.

அதில் மோசமானது வரைவு பற்றிய தவறான நம்பிக்கை. பதிவுக் கோப்பின் தலைப்பகுதியில் 'டிராஃப்ட்' என்று குறித்தால் அது தளத்தில் மட்டும்தான் வராது. கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ரெப்போ (உங்கள் கோப்புகள் இருக்கும் கிட்ஹப் கிடங்கு) பப்ளிக்காக இருந்தாக வேண்டும். அதாவது, பாதி எழுதிய குடும்பக் கதையை யார் வேண்டுமானாலும் அங்கே போய்ப் படிக்கலாம். பிறகு அழித்தாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். தயவுசெய்து வரைவுகளை ரெப்போவுக்கு வெளியே வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிரைவேட் ரெப்போவை இலவசமாக ஏற்கும் கிளவுட்ஃபிளேர் பேஜஸுக்குப் போங்கள். புகைப்படமும் இதே கதைதான். போனில் லொகேஷன் ஆனில் இருந்தால், வீட்டு மாடியில் எடுத்த படத்துக்குள் வீடு இருக்கும் இடமே பதிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு, அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள். மலைமேல் சிக்னல் குறைந்த இடத்தில் 5 எம்பி படத்துக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் நேரம். தேதியோடு காலை 6 மணி என்று மட்டும் கையால் அடித்தால், ஹியூகோ அதை யுடிசி (உலகப் பொது) நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது 11.30. எதிர்காலத் தேதி போட்ட பதிவை ஹியூகோ உருவாக்காது. எழுதியது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்போம். 11.30 ஆனாலும் தானாக வராது, மறுபடி பில்ட் செய்ய (தளத்தை ஹியூகோவால் புதிதாக உருவாக்க) வேண்டும். நேரத்தின் பின்னால் +05:30 சேர்த்தால் போதும்.

விண்டோஸில் நன்றாகத் தெரிந்த படம் தளத்தில் வரவில்லையா? கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. தளம் அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்தாக நின்றால், ஹியூகோவின் அமைப்புக் கோப்பில் தளத்தின் முகவரியைச் சொல்லும் பேஸ் யூஆர்எல் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஹியூகோ உதாரணத்துக்குத் தந்த முகவரியே கிடக்கும்.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள். தீம் சப்மாட்யூலாக (வேறொருவர் ரெப்போவை இணைப்பாக மட்டும் சேர்த்தது) இருந்தால் உங்கள் திருத்தம் சர்வருக்குப் போகவே போகாது. அந்தக் கோப்பைத் தீமில் இருக்கும் அதே உள் ஃபோல்டர் வரிசையில், அதே பெயரில் உங்கள் தளத்தின் ஃபோல்டரில் நகல் எடுத்துத் திருத்துங்கள்.

கடைசியாக முகவரி. தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் முகவரியும் தமிழில்தான் வரும். பார்க்க அழகு. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது, பெரும்பாலும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். 'சேலம்' என்ற ஒரு சொல்லே (ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என 5 குறி) 45 எழுத்து. தலைப்பு தமிழில் இருக்கட்டும், பதிவின் தலைப்பகுதியில் முகவரியைக் குறிக்கும் 'ஸ்லக்' வரியில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் போடுங்கள். இதை முதல் பதிவிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. பாதியில் மாற்றினால் பகிர்ந்த லிங்க் எல்லாம் உடையும். மாற்றியே தீர வேண்டுமென்றால் 'அலையஸஸ்' வரியில் பழைய முகவரியைச் சேருங்கள், வருகிறவர்களை ஹியூகோ புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும்.