சாமுராய் கவசம்: எழுதுவோரும் வைத்திருப்போரும் செய்யும் தவறுகள்

சாமுராய் கவசத்தைப் பற்றி எழுதும்போது ‘அரக்கு பூசியது’ என்று போட்டுவிட்டால் அங்கேயே பிழை தொடங்கிவிடுகிறது. நம் அரக்கு, பூச்சி தரும் பிசின். சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். ஜப்பானியரின் உருஷி, மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பால். அதை வெயிலில் காயவைக்க முடியாது. 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் பாலிலுள்ள நொதி வேலை செய்து பூச்சு இறுகும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கும், அடி பச்சையாகவே நிற்கும்.

அடுத்த தவறு, மூங்கிலாலும் மரத்தாலும் செய்தது என்பது. கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்பயிற்சியில் அணியும் மூங்கில் மார்புக்காப்பைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். போர்க்கவசத்துக்கு இரும்பும் பதப்படுத்தாத மாட்டுத்தோலும்தான். பழைய கவசத்தின் உயிர் கொஸானே என்னும் சிறு செதில். ஒன்றைக் கையில் எடுத்தால் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதில் நெடுக்காக இரண்டு வரிசைத் துளைகள். பெரும்பாலும் ஒன்றில் 6, மற்றதில் 7. ஒவ்வொரு செதிலும் பக்கத்துச் செதிலின் பாதியை மூடுவதால் எங்கே தொட்டாலும் இரட்டைத் தடிமன். முக்கிய இடங்களில் இரும்பு, மற்ற இடங்களில் தோல் என்று கலந்தார்கள். எல்லாமே இரும்பானால் எடை தாங்காது.

எல்லாக் காலத்துக்கும் ஒரே கவசம் என்று நினைப்பதும் தவறு. ஓயொரோய் என்னும் பழைய கவசம், குதிரைமேலிருந்து வில்லெய்தவனுக்கானது. நாண் சிக்கக் கூடாது என்றே அதன் மார்பில் வழவழப்பான தோல் போர்த்தியிருக்கும். மார்பில் தொங்கும் இரு தகடுகளை இடம் மாற்றி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வலப்பக்கத்தது செதில்களால் ஆனது; நாணை இழுக்கும் கையோடு மடங்கும். இடப்பக்கத்தது ஒற்றைத் தகடு, நெஞ்சைக் காக்கும். 1543இல் தானெகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தபின் பெரிய இரும்புத் தகடுகள் பரவின. செதில்களைக் கோக்கும் நெருக்கமான பட்டுக்கயிற்றுப் பின்னலும் குறைந்தது. மழையில் நனைந்தால் அது கனக்கும், குளிரில் உறையும், பேனும் அடையும்.

தலைக்கவசச் சின்னங்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஜப்பானின் யோனெசாவா நகரத்து உயெசுகி ஆலயத்திலுள்ள, நாவோயே கானெட்சுகு என்னும் சாமுராயின் தலைக்கவசத்தில் ‘அன்பு’ என்ற எழுத்து உண்டு. அதைக் காதல் என்று விளக்குகிறார்கள். அது ஐசென் அல்லது அதாகோ தெய்வத்தைக் குறிப்பதாகவே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஹோண்டா தடகாட்சு என்னும் சாமுராயின் தலைக்கவசத்து மான்கொம்பும் நிஜக்கொம்பு அல்ல. காகிதத்தை அடுக்கி ஒட்டி உருஷி பூசியது. சின்னமாக வரும் தும்பியும் (தட்டான்) அலங்காரத்துக்காக வந்ததல்ல. அது பின்வாங்காத ‘வெற்றிப்பூச்சி’.

பழங்கவசம் உங்களிடம் இருந்தால் எண்ணெயோ பாலிஷோ தொடாதீர்கள். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். தூக்கும்போது தோள்காப்பையோ பின்னலையோ பிடிக்காமல், இரு கைகளையும் அடியில் கொடுங்கள். ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் நிற்கட்டும். கூடினால் இரும்பு துருவேறிப் பூச்சைத் தள்ளும். குறைந்தால் தோல் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்ட வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் உருஷி மங்கும், பட்டு வெளுக்கும். இரும்புச் சாயம் ஏற்றிய கறுப்புப் பட்டு மற்ற நிறங்களுக்கு முன்பே பொடியாகும் என்பதால், சோதிக்கும்போது முதலில் கறுப்புக் கயிறுகளைப் பாருங்கள்.